பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு திரையரங்கு

1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மும்பையின் வாட்சன் விடுதியில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் திரையிடப்பட்டன. இந்தியாவில் நடந்த முதல் திரைப்படக் காட்சி என்று வரலாறு குறிப்பது அதைத்தான். திரைப்படத்துக்கென்று எழுப்பிய அரங்கு அன்று இந்நாட்டில் இல்லை. விடுதியின் அறையே அரங்காயிற்று. 1905இல் திருச்சியில் இரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்று காட்டினார். ஆகவே, அரங்கு அல்லாத ஓரிடத்தை அரங்காக்கிக் கொள்ளும் ஆசை நம்மவருக்குப் புதியதன்று. அன்று அதற்கு ஒரு கூடாரமும் ஊர்வாசிகளும் வேண்டியிருந்தனர். இன்று மூன்று கிலோ எடையுள்ள ஒரு பெட்டியும் படுக்கையறைச் சுவர் ஒன்றும் போதும் என்கின்றன விளம்பரங்கள்.

போதுமா என்பதே கேள்வி. வீட்டுக்குப் புரொஜெக்டர் வாங்கத் தனிநபர் கடன் கேட்டு எங்கள் மேசைக்கு வருவோரிடம் நாங்கள் பேச்சுவாக்கில் ஒன்று கேட்பதுண்டு: அந்த அறையின் நீளம் எத்தனை அடி? கருவியின் விலையை ரூபாய் பிசகாமல் சொல்பவர்கள்கூட இதற்குக் கைகளை விரித்துக் காட்டித்தான் விடை சொல்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவதற்கு அந்த விடை போதும். புரொஜெக்டருக்குப் போதாது. பெட்டிக்குள்ளேயே திரை இருப்பது தொலைக்காட்சி. புரொஜெக்டருக்கோ அறைதான் பெட்டி. அதன் நீளமும் கூரையும் சுவரின் நிறமும் கருவியின் பாகங்களாகவே ஆகிவிடுகின்றன. சிறிய அறையில் இது இன்னும் கூடுதல் உண்மை.

இக்கட்டுரையில் எந்த நிறுவனத்தின் கருவியையும் நாம் பரிந்துரைக்கப் போவதில்லை. மும்பையில் வங்கிக் குடியிருப்பு ஒன்றில் எங்கள் குடும்பம் இருக்கும் வீட்டின் அறையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நாட்டின் எந்த நகரத்து அடுக்ககத்திலும் காணக்கூடிய அறைதான் அது: பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், ஒன்பதரை அடி உயரம். நீளச் சுவர்கள் இரண்டில் ஒன்றில் கதவு, மற்றொன்றில் மேற்குப் பார்த்த சன்னல். ஒரு கட்டில், கண்ணாடி பதித்த ஒரு இரும்பு பீரோ, நட்டநடுவே ஒரு மின்விசிறி.

அளவு நாடாவின் வேலை

முதலில் முடிவு செய்ய வேண்டியது படத்தின் அளவு. நூறு அங்குலம், நூற்றிருபது அங்குலம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். இந்த அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. நமக்கு வேண்டியது அகலம். இன்றைய அகலத்திரையில் நூறு அங்குலப் படம் என்பது ஏறத்தாழ ஏழேகால் அடி அகலமும் நான்கடிக்குச் சற்றுக் கூடுதலான உயரமும் கொண்டது. தொண்ணூறு அங்குலம் எனில் ஆறரை அடிக்கு மூன்றே முக்கால். எண்பது எனில் ஆறடிக்குச் சற்றுக் குறைவு.

எவ்வளவு பெரியது நல்லது என்பதைக் கண் முடிவு செய்கிறது. திரையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் பார்ப்பவரின் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் 30 பாகைக்குக் குறையாமலும் 40 பாகைக்கு வெகுவாக மிகாமலும் இருப்பது வசதி என்பது திரையரங்குத் துறையினர் பின்பற்றும் வழக்கம். எங்கள் அறையில் கட்டிலில் சாய்ந்து அமர்பவரின் கண்ணுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே பத்தடி. அந்தத் தொலைவில் 30 பாகை என்பது 74 அங்குலத் திரை. 40 பாகை என்பது நூறு அங்குலத் திரை. இந்த இரண்டுக்கும் நடுவே எதுவும் பொருந்தும். நாங்கள் தொண்ணூறு என்று குறித்துக்கொண்டோம். 55 அங்குலத் தொலைக்காட்சியோடு ஒப்பிட்டால் பரப்பளவில் அது இரண்டரை மடங்குக்கும் அதிகம். நூற்றிருபது அங்குலத்தை இந்த அறையில் வீழ்த்த முடியாது என்பதில்லை. ஆனால் வசனம் பேசுபவரைப் பார்க்க ஒருபுறமும், கேட்பவரைப் பார்க்க மறுபுறமும் கழுத்தைத் திருப்ப நேரும். முதல் வரிசை நுழைவுச்சீட்டு வாங்கிய கதையாகிவிடும்.

அடுத்தது வீச்சு. ஒவ்வொரு கருவியின் குறிப்பேட்டிலும் ‘த்ரோ ரேஷியோ’ என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். வீச்சு விகிதம் எனலாம். லென்சுக்கும் திரைக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. விகிதம் 1.5 என்றால், ஆறடி அகலப் படத்துக்குக் கருவி ஒன்பதடி தள்ளி இருக்க வேண்டும். எங்கள் பன்னிரண்டடி அறையில், பின்சுவரில் கருவியை வைத்தால் அதன் உடலுக்கு ஓரடி, பின்புறக் கம்பிகளுக்கும் காற்றோட்டத்துக்கும் அரையடி கழித்து, லென்சுக்கு மிஞ்சுவது பத்தரை அடி. ஆறரை அடி அகலத் திரையால் அதை வகுத்தால் 1.6. ஆகவே, 1.4 முதல் 1.7 வரை என்று அச்சிட்ட, பெரிதாக்கிச் சிறிதாக்கும் வசதியுள்ள கருவி எங்களுக்குச் சரி. விகிதம் 2 உள்ள கருவியை இதே இடத்தில் வைத்தால் 72 அங்குலத்துக்கு மேல் படம் விரியாது. பிறகு சுவரையா தள்ளி வைக்க முடியும்?

அறை இதைவிடச் சிறியதென்றால் குறுவீச்சுக் கருவிகள் உள்ளன. விகிதம் 0.5 கொண்டது நாலடிக்கும் குறைவான தொலைவிலிருந்தே நூறு அங்குலம் தரும். சுவரை ஒட்டி மேசையில் வைக்கும் மிகக் குறுவீச்சுக் கருவிகளும் உண்டு, 0.25 விகிதத்தில் இரண்டடிக்கும் குறைவான தொலைவே போதும். அவற்றின் விலை அதிகம் என்பது ஒருபுறமிருக்க, சுவரின் பூச்சில் உள்ள சிறு மேடுபள்ளமும் அவற்றின் சாய்ந்த ஒளியில் அலையலையாகத் தெரியும். சரியான, விறைப்பான திரையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் விலை கேட்க வேண்டும்.

நடுவே சுழலும் மின்விசிறி

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லாத ஒன்று இது. கருவியைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள் என்று அவை எளிதாக எழுதிவிடுகின்றன. நம் வீட்டுக் கூரையின் நடுவில் மின்விசிறி இருக்கிறது. அதன் இறக்கைகள் கூரையிலிருந்து ஓரடி அல்லது ஒன்றேகால் அடி கீழே சுழலும். அதற்குப் பின்னால் கூரையை ஒட்டிக் கருவியைப் பொருத்தினால் ஒளிக்கற்றையை இறக்கைகள் வெட்டும். படம் முழுவதும் நிழல் படபடக்கும். மும்பையிலோ சென்னையிலோ மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டுப் படம் பார்ப்பவர் யார்? குளிர்சாதனம் உள்ள வீடுகளிலும் விசிறியை முற்றாக நிறுத்துவோர் குறைவு.

வழி, ஒளியை விசிறிக்குக் கீழாக அனுப்புவதுதான். எங்கள் அறையில் இறக்கைகள் தரையிலிருந்து எட்டேகால் அடியில் சுழல்கின்றன. பின்சுவரில் ஏழடி உயரத்தில் ஒரு தாங்கி. திரையின் மேல்விளிம்பு தரையிலிருந்து ஆறரை அடி, கீழ்விளிம்பு இரண்டே முக்கால் அடி. கட்டிலில் அமர்ந்தவரின் கண் நாலடி உயரத்தில், அதாவது திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு நேராக, வருகிறது. ஏழடியிலிருந்து சாய்ந்து இறங்கும் ஒளி இறக்கைகளையும் தொடாது, அமர்ந்தவர் தலையையும் தொடாது. நடுவில் எழுந்து நடப்பவரின் நிழல் மட்டும் விழும். திரையரங்கில் அது விழாமலா இருக்கிறது?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் மேசையில் வைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. நேராக வைத்தால் லென்சுக்கு மேற்பக்கமாகத்தான் படம் எழும். உயரத் தாங்கியில் அப்படியே நிமிர்த்தி வைத்தால் படம் கூரைக்குப் போய்விடும். தலைகீழாகப் பொருத்தி, கருவியின் அமைப்பில் படத்தையும் கவிழ்த்துக்கொண்டால் லென்சுக்குக் கீழே இறங்கும். லென்சையே மேலும் கீழும் நகர்த்தும் வசதி உள்ள கருவி என்றால் இந்தத் தொல்லை குறைவு. அந்த வசதிக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது, எங்கள் கருத்தில், பொருந்திய செலவு. அதற்குப் பதிலாகப் பலரும் நாடுவது ‘கீஸ்டோன்’ என்னும் திருத்தத்தை. சாய்வாக வைத்த கருவியின் படம் சரிவகமாக விரியும்போது மென்பொருளால் அதைச் செவ்வகமாக்குவது அது. செவ்வகம் கிடைக்கும், ஆனால் ஓரங்களிலுள்ள புள்ளிகள் வீணாகித் தெளிவு குறையும். காசு கொடுத்து வாங்கிய புள்ளிகளை நாமே கத்தரித்து எறிவதற்குச் சமம் அது. தாங்கியை அரை அங்குலம் நகர்த்தி மாட்டினால் தீர்வதை மென்பொருளிடம் விட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் இன்னொரு கேள்வி எழுந்தது. பகலில் பிள்ளைகளுக்குப் படிப்பறையாக இருக்கும் அந்த அறையில் இரவில் உறங்குபவர் எழுபதைக் கடந்த எங்கள் அம்மா. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரையரங்கின் படிகளை ஏற அவரால் முடிவதில்லை. இருட்டில் படி தெரியாமல் தடுமாறுவோமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. பெரிய திரையில் படம் பார்த்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த ஏற்பாடே பாதிக்கு மேல் அவருக்காகத்தான். ஆனால் தாங்கி வரவேண்டிய இடமோ அவருடைய கட்டிலின் தலைமாடு.

“அது ராத்திரியில என் தலையில விழாதே?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. செங்கல் சுவர் என்றால் விரிந்து பிடிக்கும் உலோக ஆணிகள் நான்கு, கருவியின் எடையைப் போல் பல மடங்கைத் தாங்கும். இக்காலக் குடியிருப்புகளில் நிறைந்திருக்கும் இலகு கற்சுவருக்கு வேறு வகை ஆணி. பலகைத் தடுப்புச் சுவரில் மாட்டவே கூடாது. எங்கள் சுவர் செங்கல்லே. ஆயினும் கட்டிலைப் பின்சுவரிலிருந்து நகர்த்திப் பக்கச் சுவரை ஒட்டிப் போட்டோம். படம் பார்க்கும் வேளையில் அவருக்குப் பத்தடித் தொலைவில், கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி. கட்டிலைவிட அதில் முதுகு நிமிர்ந்திருப்பதாக அவரே சொல்கிறார். பிள்ளைகளுக்குப் பாய்.

கறுப்பு என்னும் நிறம்

புரொஜெக்டர் வெளிச்சத்தைத்தான் வீச முடியும். இருட்டை வீச முடியாது. படத்தில் வரும் இரவு வானம், அறையின் இருட்டு எவ்வளவோ அவ்வளவே கறுப்பு. பகலில், திறந்த சன்னலுக்கு எதிரே, எத்தனை விலையுள்ள கருவியானாலும் இரவு வானம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பகலில் கிரிக்கெட் பார்ப்பதே குடும்பத்தின் முதன்மைத் தேவை என்றால் புரொஜெக்டரை மறந்துவிட்டு நல்ல தொலைக்காட்சி வாங்குவதே அறிவுடைமை. இதை விற்பனையாளர் சொல்லமாட்டார், நாம் சொல்லலாம்.

ஆக, சன்னல் திரைச்சீலைக்கே முதற்செலவு. ‘பிளாக் அவுட்’ எனப்படும் ஒளிமறைப்புத் துணி, சன்னலைவிட இருபுறமும் அரையடி அகலமாக, சுவரை ஒட்டித் தொங்க வேண்டும். விளிம்பில் கசியும் ஒரு கீற்று வெளிச்சம் போதும், மேற்குச் சூரியன் மாலைக் காட்சியைக் கெடுக்க.

சிறிய அறைக்கே உரிய இரண்டாவது சிக்கல், திரையிலிருந்து எழும் ஒளி வெள்ளைச் சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரைக்கே திரும்பி வருவது. பெரிய அரங்கில் சுவர்கள் தொலைவில் இருக்கின்றன; கருநிறத்திலும் இருக்கின்றன. நம் அறையில் அவை கையெட்டும் தூரத்தில் பளிச்சென்று வெள்ளையடித்து நிற்கின்றன. படம் வெளுத்துத் தெரிவதற்குக் கருவியைக் குறை சொல்வோர் பலர். குறை சுவரில் இருக்கும். சொந்த வீடானால் திரையை ஒட்டிய மூன்று நான்கடி வரை பக்கச் சுவர்களுக்கும் கூரைக்கும் பளபளப்பற்ற அடர்நிறப் பூச்சு அடிக்கலாம். வாடகை வீட்டிலும் குடியிருப்பிலும் அது இயலாது. கருநீலத் துணி இரண்டைப் பக்கச் சுவர்களில் கம்பியிட்டுத் தொங்கவிட்டோம். படம் இல்லாத வேளையில் ஒதுக்கிவிடலாம். பீரோவின் கண்ணாடி ஒரு குட்டித் திரையாக எதிரொளித்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு பழைய போர்வை. இவை எல்லாவற்றுக்கும் ஆன செலவு கருவியின் விலையில் சிறு பங்குகூட இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம், கருவியின் அடுத்த உயர்ந்த மாதிரிக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகம் என்றே கருதுகிறோம்.

திரைக்கு, வழவழப்பான வெண்சுவரும் பளபளப்பற்ற பூச்சும் இருந்தால் தொடக்கத்தில் அதுவே போதும். படத்தைச் சுற்றி இரண்டு அங்குலக் கறுப்பு நாடா ஒட்டினால் படத்தின் செறிவு கூடியது போல் கண்ணுக்குத் தோன்றும். சுருட்டி இறக்கும் திரைகளில் மலிவானவை சில மாதங்களில் ஓரம் சுருளும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரை நிலையானது.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள்

ஒளியின் அளவு லூமென். இணையக் கடைகளில் பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்கும் பல கருவிகளின் பெட்டியில் ஒன்பதாயிரம், பன்னிரண்டாயிரம் லூமென் என்று காணலாம். அவை நம்பத்தக்கவை அல்ல. ‘ஆன்சி லூமென்’ அல்லது ‘ஐ.எஸ்.ஓ. லூமென்’ என்று தெளிவாகக் குறித்த எண்ணையே ஏற்க வேண்டும். திரையைப் பல கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொன்றிலும் ஒளியை அளந்து சராசரி காணும் முறையான அளவை அது. வெறுமனே ‘லூமென்’ என்றோ ‘எல்.இ.டி. லூமென்’ என்றோ இருந்தால் அதைப் பெருமை வாசகமாகக் கொள்ளலாம். அளவாகக் கொள்ள வேண்டாம்.

உண்மையில் நமக்கு எவ்வளவு தேவை? இதைக் கணக்கிட முடியும் என்பதே பலருக்கும் தெரிவதில்லை. லூமென் எண்ணைத் திரையின் சதுர அடியால் வகுத்தால், சாதாரண வெண்திரையில் கிடைக்கும் பொலிவு வரும். திரையரங்குகளுக்கு வகுத்த தரம் 14. வீட்டின் இருண்ட அறைக்கு 16 என்று வைத்துக்கொள்வோம். எங்கள் தொண்ணூறு அங்குலத் திரையின் பரப்பு 24 சதுர அடி. இருபத்து நாலைப் பதினாறால் பெருக்கினால் 384. அதாவது, நானூறு உண்மையான லூமென் இருந்தாலே இருண்ட அறையில் திரையரங்கின் பொலிவு கிடைத்துவிடும். கருவியின் ஒளி காலப்போக்கில் மங்கும். நிறங்கள் சரியாகத் தெரியும் அமைப்பில் வைத்தால் ஒளி குறையும். சிறு விளக்கு ஒன்று எரிய வேண்டியிருக்கும். இவற்றுக்காக இரு மடங்கு, மூன்று மடங்கு என்று வைத்தாலும் ஆயிரத்தைச் சுற்றித்தான் வருகிறது. மூவாயிரம் லூமென் கருவி வகுப்பறைக்கும் கூட்ட அறைக்கும் உரியது. சிறிய இருண்ட அறையில் அது கண்ணைக் கூசச் செய்யும். விசிறிச் சத்தமும் அதிகமாக இருக்கும். இருட்டைச் சம்பாதித்தவர் வெளிச்சத்துக்குக் குறைவாகக் கொடுத்தால் போதும்.

அடுத்த மயக்கம் தெளிவு பற்றியது. ‘ஃபோர்-கே ஆதரவு’ என்ற சொற்றொடரில் கவனிக்க வேண்டியது ஆதரவு என்ற சொல்லை. அத்தகைய படத்தைக் கருவி உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் பொருள். திரையில் எத்தனை புள்ளிகளாகக் காட்டும் என்பதை ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற இடத்தில் பார்க்க வேண்டும். அங்கே 1920க்கு 1080 என்று இருந்தால் பத்தடித் தொலைவில் தொண்ணூறு அங்குலத்துக்கு நன்றாகவே இருக்கும். 854க்கு 480 என்று இருந்தால் நடிகர்களின் முகத்தில் கட்டங்கள் தெரியும்.

ஒளிமூலத்தில் பழைய வகை விளக்குகள் மூவாயிரம் முதல் ஐயாயிரம் மணி நேரம் வரை உழைக்கும். பிறகு மாற்று விளக்கு வாங்க வேண்டும். எல்.இ.டி., லேசர் வகைகளுக்கு இருபதாயிரம் மணி நேரம் என்று குறித்திருப்பார்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் பதினெட்டு ஆண்டுகள். அதற்குள் அதன் மின்சுற்றோ நம் ஆசையோ மாறிவிடும். டி.எல்.பி. வகைக் கருவிகள் சிலவற்றில் வேகமாகக் கண்ணைத் திருப்பும்போது வானவில் போன்ற கீற்று சிலருக்குத் தெரியும்; பலருக்குத் தெரியாது. வீட்டிலுள்ள அனைவரும் கடைக்குச் சென்று ஒரு முறை பார்த்துவிடுவதைத் தவிர இதற்கு வேறு சோதனை இல்லை. கருவியிலேயே உள்ள செயலிகள் எல்லா ஒளிபரப்புத் தளங்களுக்கும் முறையான அனுமதி பெற்றிருப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை அதில் செருகினால் போதும்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. கருவியோடு வரும் ஒலிபெருக்கி பின்சுவரில் இருக்கிறது. வாய் அசைவது எதிர்ச் சுவரில். குரல் முதுகுக்குப் பின்னால் கேட்பது எந்தப் படத்தையும் பேய்ப்படமாக்கிவிடும். திரைக்குக் கீழே ஒரு சவுண்ட்பார் வைத்து, கம்பி வழியாகவே இணைப்பது நலம்; புளூடூத் இணைப்பில் உதடும் ஒலியும் ஒன்றாமல் போவதுண்டு. ஐந்து மீட்டருக்கு மேல் எச்.டி.எம்.ஐ. கம்பி தேவைப்பட்டால் மலிவானதை வாங்கிவிட்டுப் படம் விட்டுவிட்டு வருவதாகப் புலம்ப வேண்டாம். அதிரொலிப் பெட்டியைத் தரையில் வைத்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் அது சொந்தமாகிவிடும். ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. விதியைவிட, மின்தூக்கியில் மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது வலுவான காரணம்.

பணம் எங்கிருந்து வருவது

வங்கியின் இதழ் என்பதால் கடனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கட்டுரை இந்த இடத்துக்கு வரும் என்று வாசகர்கள் முன்பே எதிர்பார்த்திருப்பார்கள்.

கருவி, திரைச்சீலை, தாங்கி, சவுண்ட்பார் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுத் தனிநபர் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 2,880 ரூபாய். மொத்தம் 69,000 ரூபாய்க்குச் சற்று மேல். வட்டி மட்டும் 9,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதே இரண்டு ஆண்டுகள் மாதம் 2,500 ரூபாயைத் தொடர்வைப்பில் போட்டு வந்தால், 6.5 சதவீதத்தில் 60,000 ரூபாயோடு 4,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக வட்டியும் கைக்கு வரும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 13,000 ரூபாய். காத்திருப்பதற்கு அது கூலி. அவசரத்துக்கு அது அபராதம். எங்கள் கிளைக்குக் கடன் இலக்கு இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. இருந்தாலும் தேய்ந்து போகும் பொழுதுபோக்குப் பொருளுக்குத் தனிநபர் கடன் வேண்டாம் என்றே நாங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லி வருகிறோம்.

‘வட்டியில்லாத் தவணை’ பற்றியும் ஒரு சொல். வட்டியே இல்லாத தவணை என்ற ஒன்று கிடையாது என்பதை 2013ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது. கடையில் 60,000 ரூபாய்ப் பொருளுக்குப் பன்னிரண்டு மாதம் ஐயாயிரம் என்று போட்டால், 15 சதவீத வட்டிக் கணக்கில் அசல் ஏறத்தாழ 55,400 ரூபாய்தான். மிச்சம் 4,600 ரூபாய் வட்டி. விற்பவர் அந்தத் தொகையைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுத்து வட்டியை மறைக்கிறார். ரொக்கம் கொடுப்பவர் அதே தள்ளுபடியைக் கேட்டுப் பெற முடியுமா என்று பார்க்க வேண்டும். கிரெடிட் கார்டு வழியான தவணையில் அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் தனியே வரும். நம் கணக்கில் வரி மட்டும் 800 ரூபாய்க்கு மேல். அதைத் தவறாமல் கட்டிவிட்டாலும் பெரிய கேடில்லை. தவணையும் போடாமல் முழுத்தொகையும் கட்டாமல் கார்டில் நிலுவையாக விட்டு வைப்பதுதான் ஆபத்து. மாதம் மூன்றரை சதவீதம் என்பது ஆண்டுக்கு 42 சதவீதம்.

திரையரங்குக்குப் போகும் செலவு மிச்சம், ஆகவே இத்தனை மாதங்களில் போட்ட காசு திரும்பிவிடும் என்று கணக்கிடுவோரும் உண்டு. நாங்களும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம், அழகாகத்தான் வந்தது. ஆனால் புரொஜெக்டர் வாங்கியவர்கள் திரையரங்குக்குப் போவதை நிறுத்திவிடுவதில்லை என்பதை அக்கம்பக்கத்தில் பார்க்கிறோம். இதை முதலீடாக அல்ல, செலவாகவே எழுதிக்கொள்வது நேர்மை. செலவு என்று ஒப்புக்கொண்டு செய்யும் செலவில் தவறு ஏதுமில்லை.

எங்கள் வீட்டில் தொடர்வைப்பு வழியைத்தான் கொண்டோம். அந்தக் காத்திருப்பின் நடுவே ஒரு நன்மையும் வந்தது. புரொஜெக்டர்கள் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்குறைப்பு முழுமையாக வாடிக்கையாளரை வந்தடையும் என்றால், முன்பு 60,000 ரூபாயாக இருந்த கருவி 55,300 ரூபாய் அளவுக்கு இறங்க வேண்டும். பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசும் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். விலைச்சீட்டில் வரி விகிதம் தனியே அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். உத்தரவாதத்துக்கு வேண்டியது கருவியின் வரிசை எண் குறித்த அந்தச் சீட்டுதான், அட்டைப்பெட்டி அல்ல.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்போர் ஒன்றை அறிய வேண்டும். தீ, வெள்ளம் முதலியவற்றால் கருவிக்கு வரும் சேதத்துக்கு வீட்டுப் பொருள்களுக்கான காப்பீடு துணை நிற்கலாம். மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் அல்லது குறுக்குமின் சுற்றால் கருவி தானே எரிந்து போனால் வழக்கமான தீக்காப்பீட்டில் அது விலக்கு. எனவே நிலத்தொடர்புள்ள மூன்றுமுனைச் செருகியும் மின்னெழுச்சித் தடுப்பு உள்ள பலகையும் தேவை. மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில், விளக்கு வகைக் கருவிக்கு ஒரு சிறு யு.பி.எஸ். இருந்தால் நல்லது. படம் நின்ற பிறகும் உள்ளே விசிறி சில நிமிடம் ஓடி விளக்கைக் குளிர்விக்க வேண்டும். திடீரென மின்சாரம் போனால் அந்தச் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

மும்பை மழைக்காலத்தில் ஈரம் லென்சில் பூஞ்சையாகப் படியும். வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் இருப்பதைவிட வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது. கருவியின் வெம்மை ஈரத்தை விரட்டும். காற்று வடிகட்டி உள்ள கருவியில் கட்டடப் பணி நடக்கும் தெருக்களில் மாதம் ஒரு முறை, மற்ற இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசியை எடுக்க வேண்டும். லென்சை வேட்டி முனையால் துடைக்கும் பழக்கம் மட்டும் ஆகாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் தரும் மென்துணி போதும். எங்கள் வீட்டில் அந்தத் துணி அம்மாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை அவர்தான் அதை எடுத்து நீட்டுகிறார்.